செத்தவருக்குத் தொண்ணூற்றொன்பது மார்க்

ஓடெட் மார்க்கோ சுதந்திர வாக்காளர் அவைக்குப் போனது ஒரே ஒரு கேள்வியோடுதான். இந்த ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறவர்களில் என் மகனை வெளியே விடப்போகிறவர் யார்? கேட்டுவிட்டு, பதிலைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம் என்று வண்டியின் எஞ்சினைக்கூட அணைக்காமல் இறங்கினாள். டிசம்பர் குளிரில் அணைத்த எஞ்சின் மறுபடி கிளம்புவது அதன் இஷ்டம். பதில் கிடைக்க எட்டு வாரம் ஆயிற்று.

மகன் பெயர் ரெமி. ஒரு வேன் நிறையக் கஞ்சாவை மேய்ன் எல்லையைத் தாண்டி நியூ ஹாம்ப்ஷயருக்குள் ஓட்டி வந்தான். இருபது வருடம் போட்டார்கள். ஒன்பது முடிந்திருந்தது. அவன் பிடிபட்ட அதே எல்லையில் இன்றைக்கு ஒரு கடை இருக்கிறது. பச்சை விளக்கு மின்ன, லைசென்ஸோடு, அதே சரக்கை விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வூதியக்காரர்களுக்குத் தள்ளுபடி. ஓடெட் பல் டாக்டரிடம் போகும்போதெல்லாம் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மத்திய அரசு போட்ட வழக்கு என்பதால் ரெமியின் பூட்டுக்கு ஒரே சாவிதான். அது மன்னிப்பில் கையெழுத்துப் போடும் ஜனாதிபதியின் பேனா.

கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய நாட்டிலேயே முதலில் ஓட்டுப் போடுவது எங்கள் நியூ ஹாம்ப்ஷயர்தான்; இங்கே தோற்றவர் கதை பெரும்பாலும் அதோடு முடிந்தது. எங்கள் மாநிலத்தில் ஒரு வேட்பாளரை மூன்று தடவை நேரில் பார்க்காமல் யாரும் ஓட்டு யாருக்கு என்று முடிவு செய்வதில்லை. ஓடெட்டும் அந்த முறைப்படியே செய்தாள். முன்னணியில் இருந்தவர்கள் இரண்டு பேர், ஒரு ஆளுநரும் ஒரு செனட்டரும். ஆளுநரை மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் ரெமியைப் பற்றிக் கேட்டாள். மூன்று தடவையும் அவர், "அருமையான கேள்வி" என்று சொல்லிவிட்டு அடுத்த கையைக் குலுக்கப் போய்விட்டார். செனட்டர் டெல்வின் அப்படிச் செய்யவில்லை. ஓடெட் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். மூன்றாம் தடவை அந்தம்மா அங்கேயே வந்து, உருளைக்கிழங்குத் தோல்களுக்கு நடுவே நின்று கேட்டு, ரெமியின் முழுப் பெயரையும் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். பதவிக்கு வந்த முதல் வாரமே கையெழுத்து என்றார். மறுநாள் டிவியில் அவர் கையசைத்தபோது ஓடெட் எழுந்து போய்த் திரையருகே நின்று பார்த்தாள். மை இன்னும் அழியாமல் இருந்தது.

ஆளுநரும் செனட்டரும் சம நிலையில் இருந்தார்கள். முடிவு ஆயிரம் ரெண்டாயிரம் ஓட்டில் நிற்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஓட்டு சுதந்திர வாக்காளர் அவையின் கையில் இருந்தது. அவை வேட்பாளர்களைக் கொள்கை கொள்கையாக நிறுத்துப் பார்த்து, மஞ்சள் அட்டையில் ஒரு பெயரை அச்சடித்து வீடு வீடாக அனுப்பும். அரசாங்கம் என்றாலே ஆகாத மூவாயிரம் பேர் அந்த அட்டையை அப்படியே பின்பற்றுவார்கள். யார் சொல்லியும் கேட்காதவர்கள், இந்த அட்டை சொன்னால் மட்டும் கேட்பார்கள்.

அவை கூடும் இடம் ஒரு பௌலிங் கூடத்தின் அடித்தளம். மேலே யாராவது பந்தை உருட்டினால் கீழே பேசுகிறவர் நிறுத்திக்கொண்டு, கட்டைகள் விழும்வரை காத்திருப்பார். வாசலில் நாலு பக்க ஒப்பந்தம் ஒன்றை நீட்டினார்கள். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் உள்ளே வருகிறேன், நாற்காலி உடைந்தால் அது எனக்கும் நாற்காலிக்கும் நடுவே உள்ள விஷயம் என்றெல்லாம் அதில் இருந்தது. கையெழுத்துப் போடாமல் உள்ளே போக முடியாது. ஓடெட் போட்டாள். பள்ளியில் சம்பளம் வாங்குகிறவள் என்று தெரிந்ததும், வரிப்பணத்தில் வாழ்வதற்கு வருந்துகிறேன் என்று இன்னொரு தாள் வந்தது. அதிலும் போட்டாள். மகனுக்காக அவள் இன்னும் மோசமான தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

அவைக்குத் தலைவர் கிடையாது. தலைமை என்பதே அடிமைத்தனத்தின் விதை. அதனால் வெண்டெல் க்ராஃப்ட் என்பவர் 'முன்னால் உட்காருபவர்' என்று மட்டும் அழைக்கப்பட்டார். பதினாறு வருடமாக அவர்தான் முன்னால் உட்காருகிறார். அதற்கு முன் இருபத்தேழு வருடம் மாநில அரசின் லைசென்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். முடி வெட்டவும் நகம் வெட்டவும் லைசென்ஸ் கேட்டு வந்தவர்களைப் படிவம் கேட்டுத் திருப்பி அனுப்புவது அங்கே அவர் வேலை. இன்றும் மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. அதைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு, திருடனிடமிருந்து பொருளைத் தவணை முறையில் மீட்கிறேன் என்றார்.

வேட்பாளர்களை எடை போடும் வேலையைப் பார்த்துக்கொண்டவர் ஹெஸ்டர் பிங்கம். இருநூற்றுப் பதினாலு கேள்விகள், நூறு மார்க், தேற எழுபத்தைந்து. ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை மார்க் என்பது ஒரு பெரிய பச்சைப் புத்தகத்தில் இருந்தது. செனட்டர் டெல்வின் எழுபத்து நாலு புள்ளி ஆறில் நின்றுகொண்டிருந்தார்.

கால்வாசி பேருக்கு மேல் தேறுவதில்லை, எழுபத்து நாலே பெரிய விஷயம் என்று பக்கத்து நாற்காலிக்காரர் ஓடெட்டுக்கு ஆறுதல் சொன்னார். எங்கே மார்க் போயிற்று என்று ஓடெட் கேட்டாள். பதினெட்டு வருடத்துக்கு முன் டெல்வின் சின்ன ஊர் ஒன்றின் கவுன்சிலில் இருந்தபோது நூலகக் கூரையைப் பழுதுபார்க்க ஓட்டுப் போட்டிருக்கிறார். பொதுப்பணத்தில்.

"கூரை ஒழுகிட்டு இருந்திருக்கும்," என்றாள் ஓடெட்.

"புத்தகம் நனையறது புத்தகத்தோட சொந்த விஷயம்," என்றார் ஹெஸ்டர், தலையை நிமிர்த்தாமல்.

ஓடெட் தன் கேள்வியைக் கேட்டாள். சிறையில் இருக்கிறவனை வெளியே விடுவதற்கு எத்தனை மார்க்? ஹெஸ்டர் புத்தகத்தை வெகுநேரம் புரட்டினார். நூற்று எண்பத்தேழாம் கேள்வி, மன்னிப்பு அதிகாரம், கால் மார்க். அதற்கு முந்தைய கேள்வி, கழிவறைத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கலாம் என்று மத்திய அரசு சொல்லலாமா என்பது. அதற்கு மூன்று மார்க்.

சுதந்திரத்தின் பேரில் கூடியவர்களுக்கு, கம்பிக்குப் பின்னால் இருக்கும் ஆள் தொட்டித் தண்ணீரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஓடெட் கோபப்படவில்லை. கோபப்பட அவளுக்கு வசதி இல்லை. கால் மார்க்கை ஒரு மார்க்காக ஆக்கினால் டெல்வின் எழுபத்தைந்தைத் தாண்டிவிடுவார் என்று தாளின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தாள். மூன்று தடவை கூட்டினாள். மூன்று தடவையும் தாண்டினார். அதையே கோரிக்கையாக எழுதிக் கொடுத்தாள்.

அப்போதுதான் அவையின் பெரிய கொள்கை அவளுக்குத் தெரியவந்தது. இங்கே எதையும் பெரும்பான்மையால் முடிவு செய்வதில்லை. பெரும்பான்மை என்பது எண்ணிக்கை கூடிவந்த ரவுடித்தனம். முப்பத்தோரு பேரும் ஒத்துக்கொள்ளவேண்டும். ஒருவர் ஆட்சேபித்தாலும் விஷயம் அங்கேயே நிற்கும். முதல் வாரம், ஒரு மார்க் என்பது அதிகமா என்று பேசினார்கள். இரண்டாம் வாரம், மார்க் என்பதே மனிதன்மேல் சுமத்தப்படும் அளவுகோல் அல்லவா என்று பேசினார்கள். இடைவேளையில் காப்பி ஏலம் போனது. தாகம் அதிகமாக ஆக விலையும் ஏறும். அது சந்தையின் அழகு என்றார் வெண்டெல், தன் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுவந்ததைக் குடித்துக்கொண்டே. ஓடெட் காப்பி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் வாரம், அவளே நம்பமுடியாதபடி, முப்பத்தோரு பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. ஹெஸ்டர் ஒரு விதியைக் காட்டினார். ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவர் சம்மதம் இல்லாமல் அதை எடுக்கக்கூடாது. இங்கே பாதிக்கப்படுகிறவர் ரெமி. அவர் கையெழுத்து வேண்டும்.

ஓடெட் அன்றே கடிதம் எழுதினாள். ரெமி கையெழுத்திட்டு அனுப்பினான். சிறை முத்திரை குத்திய தாள் பத்து நாளில் வந்தது. அதை மடிப்புக் கலையாமல் கொண்டுபோய் வெண்டெலின் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"மிஸஸ் மார்க்கோ, இது செல்லாதே. உங்க பையன் எங்க இருந்து கையெழுத்துப் போட்டிருக்கார்? ஜெயில்ல இருந்து. ஜெயில்ங்கறது என்ன? நிர்ப்பந்தம். நிர்ப்பந்தத்துல போட்ட கையெழுத்தை நாங்க ஏத்துக்கிட்டா, நாளைக்கு யாரையும் அடைச்சு வெச்சு என்ன வேணா எழுதி வாங்கலாம்னு ஆயிடும். அவர மாதிரி ஆளுங்களோட சுதந்திரத்துக்காகத்தான் நாங்க இவ்வளவு கறாரா இருக்கோம்."

"அப்ப என்னதான் செய்யணும்?"

"ஒண்ணும் அவசரமில்ல. அவர் விடுதலையாகி வந்ததும் நேர்ல ஒரு கையெழுத்துப் போடட்டும்."

மேலே யாரோ பந்தை உருட்டினார்கள். அது உருண்டு முடித்துக் கட்டைகள் சரியும்வரை எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஓடெட் அந்தத் தாளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. அழுதாள். அழுவதற்கு முன் அனுமதி கேட்கவில்லை என்பதை ஒருவர் குறித்துக்கொண்டார்.

டெல்வின் எழுபத்து நாலு புள்ளி ஆறிலேயே நின்றுவிட்டார். ஆளுநர் அறுபதைத் தாண்டவில்லை. எங்கள் மாநிலத்தில் ஆயிரம் டாலர் கட்டினால் யார் பெயரும் ஜனாதிபதி வாக்குச் சீட்டில் ஏறும். அப்படி ஏறியிருந்த இருபது சொச்சம் பெயர்களையும் அவை நிறுத்துப் பார்த்தது. தேறியது ஒரே ஒருவர். ஓஹையோவைச் சேர்ந்த ஹார்லன் ஸ்டக்லி என்ற ஓய்வு பெற்ற பல் டாக்டர். தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு. அவர் ஜனவரி மூன்றாம் தேதி பனியில் வழுக்கி விழுந்து இறந்துபோயிருந்தார்.

"செத்துப்போனவர் எப்படி நாட்டை ஆளுவார்?" என்று ஓடெட் கேட்டாள்.

"ஆளமாட்டார். அதுதானே வேணும்?" வெண்டெலின் குரல் தழுதழுத்தது. "போர் தொடுக்கமாட்டார். வரி போடமாட்டார். நம்ம வீட்டு அடுப்பையும் தொட்டியையும் எட்டிப் பார்க்கமாட்டார். பதினாறு வருஷமா நான் இங்க உட்கார்ந்து தேடின ஆள் இவர்தான். மிச்சம் புள்ளி எட்டு மார்க்கை ஏன் குறைச்சோம்னா, அவரைப் புதைச்ச இடத்துக்குப் போற பாதையில பனி வழிக்கறது நகராட்சி."

அடுத்த சனிக்கிழமை மஞ்சள் அட்டைக்கான கடைசிக் கூட்டம். ஓடெட் ஒப்பந்தத்தின் நாலு பக்கத்தையும் முதல் தடவையாக உட்கார்ந்து படித்துவிட்டு வந்தாள். காலை ஒன்பது மணிக்கு ஸ்டக்லியின் பெயரை வெண்டெல் முன்மொழிந்ததும், "ஆட்சேபம்" என்றாள்.

முப்பது தலைகள் திரும்பின. விதி விதிதான். அவள் ஆட்சேபித்துக்கொண்டிருக்கும்வரை செத்தவரின் பெயர் அட்டையில் ஏறாது. அட்டை போகாவிட்டால் அந்த மூவாயிரம் பேரும் தங்கள் இஷ்டப்படி போடுவார்கள். முக்கால்வாசிப் பேராவது டெல்வினுக்குப் போடுவார்கள். அது போதும். ஆனால் விதிக்கு ஒரு வால் இருந்தது. ஆட்சேபிக்கிறவர் நாற்காலியில் இருக்கவேண்டும். எழுந்து வெளியே போனால் ஆட்சேபமும் அவரோடு வெளியே போய்விடும். அச்சகம் நாலு மணிக்கு மூடும். அதுவரை உட்கார்ந்தால் ஜெயித்தாள்.

உட்கார்ந்தாள். கழிவறைக்குப் போவது வெளியே போவதாகுமா என்று கேட்டதற்கு நாற்பது நிமிடம் விவாதித்து, ஒருமித்த முடிவு இல்லை என்றார்கள். அதனால் அதற்கும் போகவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை.

அவள் மறந்துபோனது ஒன்று. மறந்துபோனது என்றும் சொல்லமுடியாது. நாலு மணியையே பார்த்துக்கொண்டிருந்ததில் நடுவில் இருந்த ரெண்டு மணி கண்ணில் படவில்லை. சனிக்கிழமை ரெண்டு மணிக்கு ரெமி கூப்பிடுவான். பதினைந்து நிமிடம். அவன்தான் கூப்பிடமுடியும், இவள் திருப்பிக் கூப்பிட முடியாது. ஒன்பது வருடத்தில் ஒரு சனிக்கிழமையைக்கூட அவள் தவறவிட்டதில்லை. காய்ச்சலில் எடுத்திருக்கிறாள். தன் தங்கையின் சவ அடக்கத்தின்போது கல்லறைச் சுவரோரம் நின்று எடுத்திருக்கிறாள். இந்த அடித்தளத்தில் சிக்னல் கிடையாது. வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில், பனிக்குவியலுக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும்.

ஒன்றே முக்காலுக்கு அவள் வாயைத் திறந்தாள். பதினைந்து நிமிடம் வெளியே போய் வருகிறேன், என் பையன் கூப்பிடுவான், என் ஆட்சேபத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினாள். தாடிக்காரர் ஒருவர் எழுந்து, போனைக் கொடுங்கள், நான் வெளியே நின்று எடுத்து, அம்மா உள்ளே இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். சும்மா செய்யும் உதவி மனிதனைச் சார்ந்து வாழப் பழக்கிவிடும் என்று ஹெஸ்டர் ஆட்சேபித்தார். தாடிக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

வெண்டெல் கதவைக் காட்டினார். "உங்களை யாரும் பிடிச்சு வெக்கல மிஸஸ் மார்க்கோ. கதவு திறந்துதான் இருக்கு. போறதும் இருக்கறதும் உங்க விருப்பம். இதுக்குப் பேர்தான் சுதந்திரம்."

சுவர்க் கடிகாரத்தில் ரெண்டு ஆயிற்று. ஓடெட் நாற்காலியின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அங்கே அவன் வரிசையில் நின்று, முறை வந்து, எண்ணை அழுத்தி, மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பான். ரெண்டு ஐந்து. அம்மா குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பான். ரெண்டு பத்து. அம்மாவுக்கு வயது அறுபத்து மூன்று என்பது நினைவுக்கு வரும். உனக்காகத்தான்டா, உனக்காகத்தான்டா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மேலே பந்து உருண்டுகொண்டிருந்தது. ரெண்டு பதினைந்து ஆனதும் கைகள் மரத்துப்போயிருந்தன.

ரெண்டு இருபதுக்கு வெண்டெல் எழுந்து நின்றார். ஒருவர் இன்னொருவரோடு சேர்ந்திருக்கவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது, விலகிப் போகும் உரிமைதான் எல்லா உரிமைக்கும் தாய் என்றார். அதன்படி முப்பது பேரும் அவையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அதே நாற்காலிகளில் உட்கார்ந்து புதிய சுதந்திர வாக்காளர் அவையை ஆரம்பித்தார்கள். ஆரம்பிக்க நாலு நிமிடம் பிடித்தது. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. ஹார்லன் ஸ்டக்லியின் பெயர் ஒருமனதாக நிறைவேறியது. மஞ்சள் அட்டையும் அனுப்பவேண்டிய முகவரிகளும் புதிய அவையோடு போயின. பழைய அவையில் ஓடெட் மட்டும் மிஞ்சினாள். காப்பிப் பாத்திரமும் அவளுக்கே என்று சொல்லிவிட்டு எல்லோரும் அச்சகத்துக்குக் கிளம்பினார்கள்.

அவளால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. பையிலிருந்து பள்ளிக்கூடத்து மதிய உணவுப் பட்டியல் ஒன்றை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில், சுதந்திர வாக்காளர் அவை செனட்டர் டெல்வினை ஆதரிக்கிறது என்று எழுதினாள். ஆட்சேபம் உண்டா என்று காலி நாற்காலிகளைக் கேட்டாள். இல்லை. வெளியே பனிக்குவியல் பக்கம் போய் நின்றதும் போன் ஒரு தடவை அதிர்ந்தது. தவறிய அழைப்புகள், மூன்று.

தேர்தலில் டெல்வின் ஆயிரத்து நூறு ஓட்டில் தோற்றார். செத்தவருக்கு இரண்டாயிரத்து எண்ணூறு கிடைத்தது. பள்ளிச் சமையலறை ரேடியோவில் ஓடெட் அதைக் கேட்டாள். டெல்வின் போட்டியிலிருந்து விலகினார். நியூ ஹாம்ப்ஷயர் மக்களின் அன்பை மறக்கமாட்டேன் என்று கையசைத்தார். அந்தக் கையில் இப்போது ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கைதிகளின் மன்னிப்பைப் பற்றி நிருபர்கள் கேட்டபோது ஜெயித்த ஆளுநர், அருமையான கேள்வி என்றார்.

சனிக்கிழமை ரெண்டு மணிக்கு ஓடெட் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள். இது மத்தியச் சிறையிலிருந்து வரும் அழைப்பு என்று பதிவுக் குரல் சொல்லி முடிக்கும்வரை மூச்சு விடவில்லை.

"ஏம்மா போன வாரம் எடுக்கல?" என்றான் ரெமி. "நீ செத்துட்டியோன்னு நினைச்சேன்."

"ஒரு மீட்டிங்ல உட்கார்ந்திருந்தேன்டா."

"என்ன மீட்டிங்?"

சொன்னாள். வெண்டெல், ஹெஸ்டர், தொட்டித் தண்ணீர், பல் டாக்டர் எல்லாம் சொன்னாள். பாதியில் அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. யார் ஜெயித்தது என்று அவன் கேட்கவில்லை; அங்கேயும் டிவி இருக்கிறது.

"அந்த அவைக்காரங்ககிட்டருந்து நேத்து ஒரு கடுதாசி வந்துது," என்றாள். "உன் கேஸைப் படிச்சாங்களாம். அடுத்த தேர்தல்ல உன்னை நிறுத்தலாம்னு இருக்காங்களாம். ஜெயில்ல இருக்கறவன் ஜனாதிபதிக்கு நிக்கக்கூடாதுன்னு சட்டம் இல்லையாம். உன்னை நிறுத்துப் பார்த்துட்டாங்க. ஒன்பது வருஷமா நீ யார்மேலயும் வரி போடல, யார் விஷயத்துலயும் தலையிடல. தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு."

ரெமிக்குப் பின்னால் யாரோ தன் முறைக்காகச் சத்தம் போடுவது கேட்டது.

"செத்தவரை விட எனக்கு மார்க் கூட," என்றான்.

"ஆமாண்டா."

"மிச்சம் எங்கம்மா போச்சு?"

ஓடெட் கடிதத்தைக் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். அது அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

"அரசாங்கச் செலவுல சாப்பிடறியாம்," என்றாள்.

இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று பதிவுக் குரல் சொன்னது. அந்த ஒரு நிமிடமும் இருவரும் போனை வைக்காமல் இருந்தார்கள்.